எருமைக்காகக் குதித்தவர்

துலுக்காணத்திடம் வழி கேட்டவர்கள் ரயிலைக் கோட்டைவிடுவார்கள் என்று கவரைப்பேட்டை ஸ்டேஷன் டீக்கடையில் ஒரு பேச்சு உண்டு. அவருக்கு வழி தெரியாது என்பதல்ல. தேவைக்கு மேல் தெரியும். ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், வரப்பு மேலே போகிறீர்களா, வண்டிப் பாதையில் போகிறீர்களா என்று கேட்பார். வரப்பு என்றால், அது நடவு மாதமா அறுவடை மாதமா என்பதையும் யோசிப்பார். யோசித்து முடித்துச் சரியான பதிலைச் சொல்லும்போது கேட்டவர் பாதி தூரம் போயிருப்பார். "சுமாராக" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

பக்கத்துக் கழனிக்காரர் ஒருவர் எல்லைத் தகராறில் அவரைச் சாட்சிக்கு அழைத்துப் போனார். துலுக்காணம் கூண்டில் ஏறி ஒரு மணி நேரம் பேசினார். அவர் இறங்கியபோது, இந்த ஆள் வராமலே இருந்திருக்கலாம் என்று இரண்டு பக்கத்து வக்கீல்களும் நினைத்தார்களாம். கல்யாணமான புதிதில் அவர் மனைவி எல்லம்மா, குழம்பு எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஸ்டேஷனுக்குக் கிழக்கே இரண்டு மைல் தள்ளியிருந்த சின்ன ஊரில் அவருக்கு மூன்று காணி நெல் விளையும் நிலமும், அதன் நடுவில் கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறும், சுட்டி என்கிற எருமையும் இருந்தன. நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்ததால் அந்தப் பெயர். எல்லம்மா அதைத் தன் கையால் கன்றிலிருந்து வளர்த்தாள். வீட்டில் யார் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்த்தால் முதலில் எல்லம்மா, அடுத்தது சுட்டி, அதற்கப்புறம்தான் துலுக்காணம்.

1964ஆம் வருஷம் பங்குனி மாதம், ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டிருப்பதாகத் தகவல் வந்தது. எல்லா மாட்டுக்கும் ஊசி போடச் சொல்லி உத்தரவாகி, மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் யேசுதாஸ் ஊருக்கு வந்தார். ஒல்லியான மனிதர். காக்கி உடுப்பு, தலையில் வெள்ளைக்காரன் காலத்துத் தொப்பி, தோளில் ஐஸ் போட்ட மருந்துப் பிளாஸ்க். முப்பத்தோரு மாட்டுக்கு ஒரு குறையும் இல்லாமல் ஊசி போட்டார். முப்பத்திரண்டாவது சுட்டி.

சுட்டி அப்போது எட்டு மாதச் சினை. யேசுதாஸ் மாட்டுக் கயிற்றைத் தன் இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். மாடு ஓடாமல் இருக்கச் சொல்லிக்கொடுத்த முறை அது. ஓடினால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. கொம்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். துலுக்காணம், எந்தக் கொம்பு என்று கேட்டார். எதுவானாலும் சரி என்றார் கம்பவுண்டர். அப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று துலுக்காணம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி இறங்கிவிட்டது.

எருமை ஓடும் என்று எருமை வைத்திருப்பவர்களே நம்புவதில்லை. அன்றைக்குச் சுட்டி ஓடியது. கயிற்றின் மறுமுனையில் கம்பவுண்டரும் ஓடினார். முதல் பத்து கஜம் கால்களால், மிச்சத்தை வயிற்றால். புழுதி அடங்குவதற்குள் கிணற்று ஓரம் வந்து, எருமையும் கம்பவுண்டரும் உள்ளே விழுந்துவிட்டார்கள். துலுக்காணம் பின்னாலேயே ஓடிப்போய், ஒரு நொடிகூட நிற்காமல் குதித்தார்.

உள்ளே இரண்டு ஆள் ஆழத் தண்ணீர். படிகள் இடிந்து வருஷங்களாகியிருந்தன. அவர் இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் அரிவாளால் கயிற்றை அறுத்துவிட்டார். கம்பவுண்டர் கையில் அகப்பட்ட முதல் பொருளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அது துலுக்காணத்தின் கழுத்து. மேலே நாற்பது பேர் கூடி நாற்பது யோசனை கத்தினார்கள். ஒருவழியாக ஏற்றத்து வடக்கயிறு ஒன்று இறங்கியது. அதில் கம்பவுண்டர் மேலே வந்தார். அவரைக் குப்புறப் போட்டுத் தண்ணீரை அமுக்கி எடுப்பதில் ஊரே மும்முரமாகிவிட்டது. கிணற்றுக்குள் இன்னும் ஒரு மனிதரும் ஒரு எருமையும் சுற்றிச்சுற்றி நீந்திக்கொண்டிருப்பதை அரை மணி நேரம் யாரும் நினைக்கவில்லை. அந்த அரை மணி நேரத்தில், திரும்ப இடமில்லாமல் சுட்டி தலையை ஆட்டியதில் கொம்பு பட்டுத் துலுக்காணத்தின் இரண்டு விலா எலும்புகள் விரிசல் விட்டன. பிறகுதான் அவரை ஏற்றினார்கள். எருமையை மரம் கட்டி, ஆறு மாடு பூட்டி, சாயங்காலம்தான் மேலே எடுத்தார்கள்.

சுட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதம் நல்லபடியாகக் கிடேரிக் கன்று ஈன்றது. ஆனால் அன்றைக்குப் பிறகு காக்கி உடுப்பைக் கண்டால் ஆகாது. தபால்காரர்கூடத் தெருமுனையில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடவேண்டி வந்தது.

இத்தோடு கதை முடிந்திருக்கும். முடியாததற்குக் காரணம் கிணற்றில் மூழ்கிய ஊசிக்குழல். அது சர்க்கார் சொத்து. குழல் ஒன்று, ஊசி இரண்டு, பிளாஸ்க் ஒன்று எப்படித் தொலைந்தன என்று யேசுதாஸிடம் மேலிடம் விளக்கம் கேட்டது. அவர் நான்கு பக்கம் எழுதினார். தன் உயிரே போக இருந்தது என்றும், மேற்படி விவசாயி துலுக்காணம் தன் உயிரைத் துச்சமாக மதித்துக் குதித்தார் என்றும் எழுதி, உயிர் தப்பிய அதிர்ச்சியில் ஊசிக்குழலைத் தேட மனம் வரவில்லை என்று முடித்தார். அப்படி ஒரு கிணறு உண்மையிலேயே இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லி அதன் நகல் தாலுகா ஆபீசுக்குப் போனது. அங்கே அது ஹெட்கிளார்க் ராஜமாணிக்கத்தின் மேஜையில் விழுந்தது.

ராஜமாணிக்கம் இருபத்திரண்டு வருஷ சர்வீசில் தீர்வை பாக்கியும், புறம்போக்கு ஆக்கிரமிப்பும், புளியமர ஏலமும்தான் பார்த்திருந்தார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. கெஜட்டில் பதக்கம் வாங்கியவர்களின் பட்டியல் வந்தால் மத்தியானச் சாப்பாட்டை மறந்து படிப்பார். அந்தச் சரித்திரம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். இங்கிலாந்து ராணியின் புருஷன் பேரில் நூறு வருஷத்துக்கு முன் ஒரு பதக்கம் வந்தது. முதலில் கடலில் விழுந்தவர்களைக் காப்பாற்றியவர்களுக்கு மட்டும்தான். பத்து வருஷம் கழித்துத்தான் தரையிலும் ஆள் சாகிறான் என்று யோசித்துத் தரைக்கும் கொடுத்தார்கள். பிறகு சுரங்கத்தில் காப்பாற்றியவர்களுக்கு ஒன்று. யுத்தத்தில் குண்டு விழுந்தபோது ராஜா தன் பேரிலேயே சிலுவை ஒன்று ஏற்படுத்தினார். நாடு சுதந்திரம் அடைந்ததும் வீரத்துக்கு நம் சர்க்கார் தனியாகச் சக்கரம் வைத்தது. ஆனால் சண்டையோ துப்பாக்கியோ இல்லாமல், தண்ணீரிலோ நெருப்பிலோ புகுந்து இன்னொருவனை இழுத்து வருகிற ஆளுக்கென்று 1961இல்தான் வந்தது. ஜீவன் ரக்ஷா பதக்கம். மூன்று வகுப்பு.

இவ்வளவும் அவர் யார் கேட்டாலும் சொல்வார். கேட்கத்தான் ஆள் இல்லை. தகுதியானவர்கள் இருந்தால் பெயர் அனுப்பவும் என்று வந்த சுற்றறிக்கையை மூன்று வருஷமாக மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். இப்போது யேசுதாஸின் நான்கு பக்கத்தைப் படித்தவர், எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தார். அன்றே புது ஃபைல் திறந்தார்.

சம்பந்தப்பட்டவரிடம் வாக்குமூலம் வாங்கி அனுப்பும்படி ஊர்க் கணக்கப்பிள்ளைக்கு உத்தரவு போனது. கணக்கப்பிள்ளை வந்து உட்கார்ந்து, எதற்காகக் குதித்தீர் என்று கேட்டார். துலுக்காணம் உண்மையைச் சொன்னார்.

"எரும உள்ள பூட்சி. அதான் குதிச்சேன்."

கணக்கப்பிள்ளை கையெழுத்து அழகான மனிதர், புத்தியை அதிகம் செலவழிக்காதவர். சொன்னதை அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். ஃபைல் மேலே போனது. அடுத்து வந்த தை மாதம் இந்தி எதிர்ப்பில் ஊரெல்லாம் கொந்தளித்துக் கிடந்தது. ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்துக்கெல்லாம் தார் பூசினார்கள். எந்த ஃபைலும் எங்கேயும் நகரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. "மனுதாரர் குதித்தது மனித உயிரைக் காக்கும் நோக்கத்தோடா என்பதைத் தெளிவுபடுத்தவும்."

துலுக்காணம் எந்த மனுவும் போடவில்லை. இருந்தாலும் தாலுகா ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. போனார். ராஜமாணிக்கம் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பதக்கங்களின் சரித்திரத்தை ராணியின் புருஷனிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். இவ்வளவு நேரம் அசையாமல் கேட்ட முதல் ஆள் துலுக்காணம்தான். கடைசியில் ராஜமாணிக்கம் விஷயத்துக்கு வந்தார். கிணற்றில் ஒரு மனிதர் விழுந்ததைப் பார்த்தேன், குதித்தேன் என்று ஒரு வரி சொன்னால் போதும் என்றார்.

துலுக்காணம் வருத்தத்தோடு தலையாட்டினார். மனிதர் விழுந்ததைத் தான் பார்க்கவில்லை, புழுதியாக இருந்தது, சுட்டியின் காதுதான் தெரிந்தது என்றார்.

ராஜமாணிக்கம் வேறு வழியில் வந்தார். எருமை என்ற வார்த்தையே வரவேண்டாம். கிணற்றுக்குள் ஒரு ஜீவன் தத்தளித்தது, அதைக் காக்கக் குதித்தேன் என்று எழுதிக்கொள்கிறேன், அது பொய்யில்லையே என்றார்.

துலுக்காணம் வெகுநேரம் யோசித்தார். பிறகு, ஜீவன் என்றால் எருமையும் ஜீவன்தானே, அப்படியானால் பதக்கம் எருமைக்கும் உண்டா என்று மரியாதையாகக் கேட்டார். ராஜமாணிக்கம் பேனாவை மூடிவிட்டார். விலா எலும்பையாவது எழுதலாம், பலத்த காயம் பட்டால் மூன்றாம் வகுப்புக்கு இடம் உண்டு என்று அதைப் பற்றிக் கேட்டார். அது சுட்டியின் கொம்பு பட்டது, ஆனால் அது வேண்டுமென்று குத்தவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார் துலுக்காணம்.

இதில் மனம் நொந்துபோனவர் யேசுதாஸ். எருமைக்காகத்தான் குதித்தார் என்பது வெளியே தெரிந்து, ஊசி போடப் போன ஊரில் எல்லாம் "எருமைக்கு மிச்சம்" என்று அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கவரைப்பேட்டைச் சந்தையில் ஒரு ஆள், நீதானே அந்த எருமைக்கு மிச்சம் என்று முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டான். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு, மனைவி விக்டோரியா செய்து கொடுத்த பலகாரத்தை எடுத்துக்கொண்டு துலுக்காணம் வீட்டுக்கு வந்தார். சுட்டிக்குப் பயந்து வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, நெசமாவே என்ன நீங்க பாக்கலியா? கொஞ்சங்கூடவா?"

துலுக்காணம் அவருக்காக மறுபடி நன்றாக யோசித்துப் பார்த்தார்.

"தொப்பி தெரிஞ்சிது. தொப்பி மட்டுந்தான் உள்ள உழுந்துச்சின்னு நெனச்சேன்."

எல்லம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைத்த விதத்தில் டம்ளர் கொஞ்சம் சத்தம் போட்டது. அவளுக்குக் கம்பவுண்டர் மேல் ஒரு கோபம் இருந்தது, புருஷன் மேல் அதைவிடப் பெரிய கோபம் இருந்தது. இரண்டும் அந்தக் கிணற்றைப் பற்றியதுதான். என்னவென்று வெளியில் யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் கிணற்றுப் பேச்சு வந்தால் துலுக்காணம் எழுந்து கழனிப் பக்கம் போய்விடுவார்.

இதற்கிடையில் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. தாலுகா ஆபீசில் சுவரில் மாட்டியிருந்த படங்கள் மாறின. ராஜமாணிக்கம் மட்டும் அந்த ஃபைலை விடவில்லை. மாதத்துக்கு ஒரு முறை நினைவூட்டல் எழுதினார். அவர் தொல்லை பொறுக்காமல் 1968 ஆவணியில், நேரில் போய் விசாரித்து அறிக்கை கொடுக்கும்படி சப் கலெக்டருக்கு உத்தரவாயிற்று. தகுதி உண்டென்றால் அனுப்புவது, இல்லையென்றால் ஃபைலை மூடிவிடுவது.

சப் கலெக்டர் இளவயதுக்காரர். ஜீப்பில் வந்து இறங்கி நேராகக் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். அது நல்ல சகுனம் என்று ராஜமாணிக்கம் நினைத்தார். கிணற்றுக்குப் பக்கத்திலிருந்த புங்க மரத்தடியில் மேஜை போட்டார்கள். ஊரே வந்துவிட்டது. யேசுதாஸும் வந்திருந்தார். ஜீப் டிரைவர் காக்கி போட்டிருந்ததால் சுட்டியை வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் கட்டி, காவலுக்கு இரண்டு பேர் நின்றார்கள்.

முதல் கேள்வி அதேதான். துலுக்காணம் கையைக் கட்டிக்கொண்டு அதே பதிலைச் சொன்னார். எருமைக்காகத்தான் குதித்தேன். ராஜமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

சப் கலெக்டர் பொறுமைசாலி. குதித்த பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கயிறு இழுபட்டுச் சுட்டிக்கு மூச்சு முட்டியது, அறுத்தேன் என்றார். எந்த இடத்தில் அறுத்தீர்கள் என்றார் அவர். கம்பவுண்டரின் மணிக்கட்டுக்கு ஒரு சாண் தள்ளி என்றார் துலுக்காணம். ராஜமாணிக்கம் கண்ணைத் திறந்தார். எருமையைக் காப்பாற்றுகிறவன் எருமையின் கழுத்தில் அல்லவா அறுத்திருக்கவேண்டும்? மனிதனின் கைப் பக்கம் அறுத்தது ஏன்? சப் கலெக்டரும் அதையே கேட்டார்.

"புதுக் கவுறு சார். கய்த்தாண்ட அறுத்தா முழுசும் வீணாப்பூடும். கடேசில அறுத்தா ஒரு மொழந்தான் போவும்."

கூட்டம் சிரித்தது. யேசுதாஸ் தரையைப் பார்த்தார். சரி, இந்த மனிதரை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று சப் கலெக்டர் கேட்டார். நான் காப்பாற்றவில்லை, அவராகத்தான் வந்து என் கழுத்தைப் பிடித்துக்கொண்டார் என்றார் துலுக்காணம். விட்டால் இன்னும் என்னவெல்லாம் உண்மை சொல்வாரோ என்று ராஜமாணிக்கத்துக்கு வியர்த்தது. சப் கலெக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். ஃபைலை மூடப்போகிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் பெண்கள் கூட்டத்திலிருந்து எல்லம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். பதக்கம் கிடைப்பதோ போவதோ அவள் மனதில் இல்லை. அதிகாரி ஒருவர் வீடு தேடி வந்து கேள்வி கேட்கிறார், நான்கு வருஷமாக நெஞ்சில் கிடக்கிற நியாயத்தை இவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது என்றுதான் வந்தாள்.

"சார், நீங்க படிச்சவரு, நீங்களே நாயம் சொல்லுங்க. ஒரே ஒரு வடம் உட்டாங்க. நான் மேல நின்னுகினு தொண்ட கீயக் கத்துறேன், செனை எரும, மொதல்ல எருமயக் கட்டுன்னு. இந்த மன்சன் அண்ணாந்து என்னப் பாக்கறாரு. பாத்துட்டு, அதக் கொண்டும்போய் அந்தக் கம்பவுண்டரு இடுப்புல கட்டறாரு. என் சுட்டி சாய்ங்காலம் வரிக்கும் உள்ளயே கெடந்துச்சி. ஏன்யா அப்டி பண்ணேன்னு நாலு வர்சமா கேட்டுக்கினு கீறேன். வாயத் தெறக்க மாட்டேன்றாரு. நீங்க கேளுங்க."

அன்றைக்கு நாற்பது பேர் கத்தியதில் அவள் கத்தியது யார் காதிலும் தனியாக விழுந்திருக்கவில்லை. சப் கலெக்டர் பென்சிலை மறுபடி எடுத்துக்கொண்டு, அம்மா கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள் என்றார்.

துலுக்காணம் மனைவியைப் பார்க்கவில்லை. கால் கட்டை விரலால் மண்ணைக் கீறினார். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல் அவர் நிற்பது வழக்கம்தான். ஆனால் இப்போது நின்றது பதில் தெரியாமல் அல்ல என்று பார்த்தவர்களுக்கே தெரிந்தது.

"எரும மெதக்கும் சார்," என்றார் கடைசியில். "ஒரு மணி நேரங்கூட மெதக்கும். இவரு ரெண்டு தபா உள்ள பூட்டு வந்தாரு. மூணாவது தபா போனா வரமாட்டாருன்னு தெரிஞ்சிது."

"எருமைக்கு ஏதாவது ஆகியிருந்தால்?"

"நான் ஊட்டுக்குப் போயிருக்க முடியாது சார்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். சப் கலெக்டர் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கயிற்றில் நீங்களே முதலில் ஏறியிருக்கலாமே, அது தோன்றவில்லையா என்று எழுதியபடியே கேட்டார். துலுக்காணம் ஆச்சரியத்தோடு அவரைப் பார்த்தார். அந்த யோசனை இதுவரை தனக்கு வந்ததே இல்லை என்றார். அதையும் சப் கலெக்டர் எழுதிக்கொண்டார்.

யேசுதாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மூக்கு சிவந்திருந்தது. ராஜமாணிக்கம் மேஜைக்குப் பின்னால் நின்று, அறிக்கையின் வரிகளைத் தலைகீழாகவே படிக்க முயன்றுகொண்டிருந்தார். எல்லம்மாவுக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. புகார் சொல்ல வந்தவள், எல்லோரும் தன்னையே பார்த்துச் சிரிப்பதையும், ஹெட்கிளார்க் கையெடுத்துக் கும்பிடுவதையும் பார்த்துத் திகைத்தாள். ஜீப் போன பிறகு புருஷனிடம் வந்தாள்.

"இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேட்டது ஏன் எருமயக் கட்டலன்னு. கட்டலன்னா கட்டலதான். அதுக்கு மேல சொன்னா உன் எருமய விட அந்தாளு ஒசத்தியான்னு கேப்ப. அதுக்குப் பதில் எனக்குத் தெரியாது."

அவள் சுட்டியை அவிழ்த்துக் கட்டப் போனாள். அன்று மீன் குழம்பு வைத்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று அவரே சொன்னார்.

டெல்லியிலிருந்து உத்தரவு வர இன்னும் ஒரு வருஷம் ஆனது. பதிவுத் தபாலைத் தெருமுனைக்குப் போய்த்தான் வாங்கினார்கள். மூன்றாம் வகுப்பு. 1970 குடியரசு தினத்தன்று கலெக்டர் கையால் கொடுப்பதாக எழுதியிருந்தது. விழா ஒரு ஹைஸ்கூல் மைதானத்தில். துலுக்காணம் சலவை வேட்டி கட்டி, மீசையைச் சீவிவிட்டு, எல்லம்மாவோடும் யேசுதாஸோடும் ரயிலேறிப் போனார். ராஜமாணிக்கம் முதல் நாளே போய் மைதானத்தைப் பார்வையிட்டுவிட்டார்.

மேடையில் பெயரைக் கூப்பிட்டபோது ஒலிபெருக்கி "ஸ்ரீமதி துலுக்காணம்" என்றது. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். எங்கோ ஒரு நாற்காலியில் இருந்தவர் பெண் என்றே முடிவுகட்டிவிட்டார். மேடையில் மாதர் சங்கத்து அம்மா ஒருவர், வீராங்கனைக்குப் போர்த்துவதற்காக அரக்கு நிறப் பட்டுச்சேலையைத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆறடி உயரத்தில் மீசையோடு ஏறிவந்தவரைப் பார்த்து அவர் தட்டோடு நின்றுவிட்டார். கலெக்டர் காகிதத்தைப் பார்த்தார், துலுக்காணத்தைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். துலுக்காணம் தானாகவே முன்வந்து, தான் ஸ்ரீமதி இல்லை, ஆனால் எருமைக்காகக் குதித்தது தான்தான் என்று ஒலிபெருக்கிக்கு ரொம்பப் பக்கத்தில் சொன்னார்.

கலெக்டர் சமாளித்துக்கொண்டு பதக்கத்தைக் குத்திவிட்டார். சேலையை என்ன செய்வது? ராஜமாணிக்கம் கீழேயிருந்து ஓடிவந்து காதில் ஏதோ சொன்னார். எல்லம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் போனாள், சேலையை வாங்கினாள், கலெக்டருக்கு ஒரு கும்பிடு போட்டாள். இறங்கும்போது அவள் முகத்தைப் பார்த்தவர்கள், அன்றைக்குப் பதக்கம் வாங்கியது யார் என்று கேட்டிருந்தால் அவளைத்தான் காட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகும் அவள் தண்ணீர் எடுக்கும் இடத்தில் அந்தப் புகாரைச் சொல்லத்தான் செய்தாள். நான் எருமையைக் கட்டு என்று கத்தினேன், இவர் மனிதரைக் கட்டினார் என்று. வார்த்தை அதேதான், குரல் மட்டும் மாறியிருந்தது.

ஊர் முழுவதும் பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்தது. ஒரு பக்கம் சிங்கம், ஒரு பக்கம் விரித்த கை. போலீஸ்காரர் வண்டியை நிறுத்தக் காட்டுகிற கை மாதிரி இருக்கிறது என்றார்கள். கையைச் சுற்றி இந்தி எழுத்து. ஐந்து வருஷத்துக்கு முன் ஸ்டேஷன் பலகையில் தார் பூசியவர்களில் இரண்டு பேர் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சின்னதாகத்தான் போட்டிருக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் கைக்கும் எழுத்துக்கும் பயப்படாதே என்று அர்த்தம் என்று ராஜமாணிக்கம் விளக்கினார். யாரைப் பார்த்துச் சொல்கிறது என்று துலுக்காணம் கேட்டார். விழுந்தவனைப் பார்த்து என்றார் ராஜமாணிக்கம். அவருக்குக் கேட்டிருக்காது, காதெல்லாம் தண்ணீர் என்றார் துலுக்காணம்.

ராஜமாணிக்கம் அடுத்த வருஷம் ரிடையராகிப் போனார். பிரிவுபசார விழாவில் அவர் பேசியது முழுவதும் அந்த ஒரு ஃபைலைப் பற்றித்தான்.

1974 வாக்கில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒன்றிரண்டு கம்பெனிகள் வந்திருந்தன. கம்பி இழுக்கிற கம்பெனி ஒன்றில் கேட்டில் நிற்க ஆள் தேடினார்கள். யேசுதாஸ் சொல்லித் துலுக்காணம் போய்ப் பார்த்தார். பதக்கம் வாங்கிய ஆள் என்று கேள்விப்பட்டு மேனேஜர் சந்தோஷப்பட்டார். எருமை விஷயத்தைத் துலுக்காணம் முழுக்கச் சொன்ன பிறகும் வேலை கொடுத்தார். சேர்ந்த மூன்றாம் நாள், சீட்டு இல்லாமல் சாமான் வெளியே போகக்கூடாது என்று மேனேஜருடைய காரையே நிறுத்தி, பின்சீட்டிலிருந்த சாப்பாட்டுக் கேரியருக்குச் சீட்டுக் கேட்டார். மேனேஜர் திரும்பிப் போய்ச் சீட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

வருஷா வருஷம் மார்ச் மாதம் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். அடுத்த மார்ச்சில், பதக்கம் வாங்கியவர் நம்மிடமே இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று துலுக்காணத்தைப் பேசச் சொன்னார்கள். பதக்கத்தைக் குத்திக்கொண்டு வரவேண்டும் என்று உத்தரவு. பந்தலில் இருநூறு தொழிலாளிகள். முன்வரிசையில் பம்பாயிலிருந்து வந்த முதலாளிகள் மூன்று பேர், தமிழ் தெரியாதவர்கள். அவர்களுக்கு மேனேஜர் இங்கிலீஷில் சொல்வதாக ஏற்பாடு.

துலுக்காணம் எழுந்து நின்றார். ஒரு வாரமாகக் கேட்டிலிருந்து பார்த்ததை யோசித்து வைத்திருந்தார்.

"மிசினாண்ட வேல செய்யறவங்க கய்த்துல துண்டு போடாதீங்க. இழுத்துக்கும். எட்டாம் நம்பரு மிசினுல மூணு பேரு போட்டுக்கினு கீறாங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எட்டாம் நம்பர் ஆட்கள் மூவரும் துண்டை மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். மேனேஜர் எழுந்து அதை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே போனார். கையைத் தூக்கினார், குரலைத் தாழ்த்தினார், நடுவில் ஒரு இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்து நிமிஷம் ஆனது. பம்பாய்க்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

துலுக்காணம் பக்கத்திலிருந்த ஃபோர்மேனிடம், சார் இவ்வளவு நேரம் என்ன சொன்னார் என்று கேட்டார். உங்களைப் பற்றித்தான் சொன்னார் என்றார் ஃபோர்மேன்.

"எட்டாம் நம்பரச் சொன்னாரா?"

"அது வரல."

துலுக்காணம் மறுபடி எழுந்து நின்றார்.